ஒரே டார்க் ரென்ச்சில் இரண்டு வண்டி: நான்கு வாங்கிய பின் எழுதும் மதிப்பீடு

சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் பொதுவாக, போல்ட்டைக் குறித்த அளவு விசையோடு முறுக்க உதவும் டார்க் ரென்ச் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் போதும் என்ற எண்ணத்தோடுதான் முதல்முறை கடைக்குப் போனேன். அதற்குப் பிறகு நான்கு வாங்கியாகிவிட்டது. அவற்றில் இரண்டு எப்போதும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கின்றன. ஒன்று பின்சக்கரத்தைக் கழற்றும் நாளில் மட்டும் வெளியே வருகிறது. இன்னொன்று பழைய இரும்புக்காரர் வரும்வரை பெட்டியின் அடியில் கிடக்கிறது. எது எதனால் அந்தந்த இடத்துக்குப் போனது என்பதை விளக்குவதே இந்த மதிப்பீடு.

முதலில் வாங்கியது அரை இஞ்ச் தலை கொண்ட, 28 முதல் 210 நியூட்டன் மீட்டர் (திருகுவிசையின் அலகு) வரை அளவு போட்ட கிளிக் வகை ரென்ச்; வைத்த அளவை எட்டியதும் 'கிளிக்' என்று தட்டிச் சொல்லும். சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் ஒரு கடைக்காரர், "பைக்குத்தானே சார், எல்லாரும் இதத்தான் வாங்கிட்டுப் போறாங்க" என்று எடுத்துக் கொடுத்தார். அவர் பொய் சொல்லவில்லை. சந்தையில் குறைந்த விலைக்கு அதிகம் கிடைப்பது இந்த அளவுதான். கார் சக்கர நட்டுகளை முறுக்குபவருக்கு அது பொருத்தமானதும்கூட. என் 150 சிசி வண்டியின் ஆயில் டிரெயின் போல்ட்டுக்குக் கையேட்டில் கொடுத்திருந்த அளவு 24 நியூட்டன் மீட்டர் என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். 28-இல் வைத்து, கிளிக் வருவதற்குக் கொஞ்சம் முன்பாக நிறுத்திவிடலாம் என்று ஒரு புத்திசாலித்தனமான திட்டம் போட்டேன். கிளிக் வரவே இல்லை. போல்ட் திடீரென்று லேசாகி, அலுமினிய மரை சுருள் சுருளாக அதனோடு வெளியே வந்தது. லேத் பட்டறையில் துளையைப் பெரிதாக்கி, புஷ் அடித்து, புதிதாக மரை எடுத்துக் கொடுத்தார்கள். அந்தக் கூலி ரென்ச்சின் விலையை நெருங்கியது.

அன்று நடந்ததற்கு என் அவசரம் பாதிக் காரணம். மீதிக் காரணம் அந்தக் கருவியின் இயல்பிலேயே இருக்கிறது. கிளிக் வகை ரென்ச்சுக்குள் ஒரு கனமான சுருள்வில் இருக்கிறது. பிடியைத் திருகும்போது அந்த வில் இறுகுகிறது. வில்லின் அழுத்தத்தை நம் கைவிசை மிஞ்சும் கணத்தில் உள்ளே ஒரு துண்டு சரிந்து தட்டுகிறது. அளவின் அடிப்பகுதியில் வில் ஏறக்குறைய தளர்ந்தே இருப்பதால், அங்கே உராய்வும் பழைய கிரீஸும் செய்யும் பிழை பெரிதாகத் தெரியும். கைமுறை டார்க் கருவிகளுக்கான ஐ.எஸ்.ஓ. 6789 தரநிலையின்படி, உச்ச அளவு 10 நியூட்டன் மீட்டரைத் தாண்டும் கிளிக் ரென்ச்சுக்கு 4 விழுக்காடும், 10 அல்லது அதற்குக் கீழே உள்ளதற்கு 6 விழுக்காடும் பிழை அனுமதிக்கப்படுகிறது. இந்த உறுதியைப் பொதுவாக உச்ச அளவின் 20 விழுக்காட்டிலிருந்துதான் எதிர்பார்க்க வேண்டும். 210-இல் 20 விழுக்காடு 42. ஆகவே தண்டில் 28 என்று அச்சிட்டிருந்தாலும், 42-க்குக் கீழே அந்த ரென்ச்சை நம்பி எதையும் முறுக்கக் கூடாது. எந்த ரென்ச்சைக் கையில் எடுத்தாலும் முதலில் உச்ச அளவை ஐந்தால் வகுத்துப் பாருங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் மற்றவற்றைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

இனி, நமக்கு உண்மையில் என்ன அளவுகள் தேவை என்று பார்ப்போம். சைக்கிளில் ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம் போல்ட்டுகளும் சீட் கம்பத்தின் கிளாம்பும் பெரும்பாலும் 4 முதல் 7 நியூட்டன் மீட்டருக்குள் அடங்கிவிடும். சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோவின் டிஸ்க் பிரேக் கேலிப்பரை ஃபிரேமில் பிடிக்கும் போல்ட்டுக்கு 6 முதல் 8. பெடல் மாட்டும் கிராங்க் கையின் இரண்டு பக்கவாட்டு போல்ட்டுகளுக்கு 12 முதல் 14. இவை எல்லாமே சிறியவை. அதே சைக்கிளில் பின்சக்கரப் பல்சக்கர அடுக்கான கேசட்டின் பூட்டு வளையம் 30 முதல் 50 வரையும், பெடல் 35 முதல் 55 வரையும், கிராங்க் அச்சைத் தாங்கும் பாட்டம் பிராக்கெட் கிண்ணங்கள் 35 முதல் 50 வரையும் கேட்கின்றன. இடையில் 15 முதல் 30 வரை ஏறக்குறைய வெற்றிடம்.

அந்த வெற்றிடத்தை மோட்டார் சைக்கிள் நிரப்புகிறது. ஹோண்டா கையேடுகளின் பொது அட்டவணையில் 6 மி.மீ. போல்ட்டுக்கு 10, 8 மி.மீ. போல்ட்டுக்கு 22, 10 மி.மீ. போல்ட்டுக்கு 34 என்று இருக்கும். விளிம்பு வைத்த தலை என்றால் சற்றுக் கூடும். இன்ஜின் மூடிகள், பக்கவாட்டு மூடிகள், லீவர் கிளாம்புகள் எல்லாம் 6 மி.மீ. வகையைச் சேர்ந்தவை. ஸ்பார்க் பிளக்கும் டிரெயின் போல்ட்டும் ஏறத்தாழ 10-க்கும் 30-க்கும் நடுவே வரும். சக்கர அச்சைப் பிடிக்கும் ஆக்சில் நட்டுகள் மட்டும் தனி இனம்: வண்டிக்கு வண்டி மாறி 50-இலிருந்து 100 வரை போகும், சில ஸ்கூட்டர்களின் பின்சக்கரத்தில் 100-ஐயும் தாண்டும். என் முதல் ரென்ச் இப்போது வெளியே வருவது இவற்றுக்காக மட்டும்.

இந்த இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று புலப்படும். எண்ணிக்கையில் பெரும்பான்மையான போல்ட்டுகளும், தவறினால் அதிகச் செலவு வைக்கும் போல்ட்டுகளும் 5 முதல் 25-க்குள் இருக்கின்றன. ஆக்சில் நட்டு உருக்கு; கொஞ்சம் கூடினாலும் தாங்கும், குறைவதுதான் ஆபத்து. அலுமினிய இன்ஜின் உடலுக்குள் இறங்கும் 6 மி.மீ. போல்ட்டும் கார்பன் சீட் கம்பத்தைச் சுற்றிய கிளாம்பும் அப்படி மன்னிப்பதில்லை. ஆகவே முதலில் வாங்க வேண்டியது சிறிய ரென்ச். நான் தலைகீழாகத் தொடங்கினேன்; பெரும்பாலோர் அப்படித்தான் தொடங்குகிறார்கள் என்பதைக் கடைகளின் அடுக்குகளே சொல்கின்றன.

இரண்டாவதாக வாங்கியது 5 முதல் 25 வரையான கால் இஞ்ச் கிளிக் ரென்ச். இணையத்தில் மூவாயிரம் ரூபாய்க்குள் கிடைத்த, பெயர் சொல்லத் தேவையில்லாத சரக்கு. ஒன்றரை ஆண்டு குறையொன்றும் சொல்ல முடியாதபடி வேலை செய்தது. ஒருநாள் நான் வீட்டில் இல்லாதபோது உறவுக்காரப் பையன் ஒருவன் துருப்பிடித்த பெடலைக் கழற்ற அதை எடுத்துக் குழாய் மாட்டி இழுத்திருக்கிறான். அதற்குப் பிறகு எந்த அளவில் வைத்தாலும் அது தன் இஷ்டத்துக்குத் தட்டியது. கழற்றுவதற்கு டார்க் ரென்ச்சைத் தொடவே கூடாது என்பது எல்லாக் கையேட்டிலும் முதல் பக்கத்தில் இருக்கும் எச்சரிக்கைதான். ஆனால் வீட்டில் கருவிப்பெட்டியைத் திறப்பவர்கள் கையேட்டைத் திறப்பதில்லை. பெட்டிக்குப் பூட்டுப் போட்டிருக்க வேண்டும்.

அதன் இடத்துக்கு வந்தது வெரா நிறுவனத்தின் கிளிக்-டார்க் ஏ5. அளவு 2.5 முதல் 25 வரை, கால் இஞ்ச் தலை, 45 பற்கள் கொண்ட ராட்செட்; அதாவது எட்டு டிகிரி திருப்ப இடம் இருந்தாலே அடுத்த பல்லைப் பிடித்துவிடும். சைக்கிளில் கேபிள்களுக்கு நடுவே இருக்கும் ஸ்டெம் போல்ட்டை அணுகும்போது இந்த எட்டு டிகிரியின் அருமை தெரியும். அளவைத் திருகும்போதும் ஒவ்வொரு படியும் கையில் தட்டுப்படுவதால், கோட்டை ஒட்டி வைத்தோமா தாண்டி வைத்தோமா என்ற சந்தேகம் குறைகிறது. முந்தைய மலிவு ரென்ச்சில் பிடியின் விளிம்பையும் தண்டின் கோட்டையும் கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. மாலை வெளிச்சத்தில் 8-க்கும் 9-க்கும் வேறுபாடு தெரியாது.

இதற்கும் வரம்புகள் உண்டு. தட்டிச் சொல்வது வலப்புறம் முறுக்கும்போது மட்டும். இடப்புற மரை கொண்ட எதற்கும் உதவாது. 2.5 என்று போட்டிருந்தாலும், மேலே சொன்ன ஐந்தில் ஒரு பங்குக் கணக்கை நான் இதற்கும் போட்டு, 5-க்குக் கீழே கவனமாகவே பயன்படுத்துகிறேன். ஷிமானோவின் ஆறு போல்ட் டிஸ்க் தட்டு 2 முதல் 4 மட்டுமே கேட்பது. அதுபோன்ற வேலை அடிக்கடி வருமென்றால் சைக்கிள் கருவிகள் செய்யும் பார்க் டூல் நிறுவனத்தின், 2 முதல் 14 வரையுள்ள டிடபிள்யூ-5.2 மேலான தேர்வு. அது 3/8 இஞ்ச் தலை கொண்டது, இரு திசையிலும் தட்டிச் சொல்லும். சைக்கிள் மட்டும் வைத்திருப்பவர் அதையும், அதன் அண்ணனான, 10 முதல் 60 வரையுள்ள டிடபிள்யூ-6.2-வையும் வாங்கிவிட்டால் வேறு எதையும் தேட வேண்டியதில்லை. இரு வண்டிக்காரருக்கு டிடபிள்யூ-5.2 ஓர் இடைஞ்சல்: 14-இல் நின்றுவிடுவதால் டிரெயின் போல்ட்டுக்கும் 8 மி.மீ. போல்ட்டுக்கும் வேறொன்றை எடுக்க வேண்டும். இந்த வெளிநாட்டுப் பெயர்கள் ஒவ்வொன்றும் நம் ஊரில் பத்தாயிரத்தைத் தாண்டிவிடும் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

சிறிய அளவில் கிளிக் சத்தத்தைக் காதால் கேட்க முடியும் என்று எதிர்பார்க்காதீர்கள். 20-இல் 'டக்' என்று கேட்பது 5-இல் விரல் நுனியில் ஒரு சிறு சரிவாக மட்டுமே வரும். தெருவில் பேருந்து போனால் அதுவும் தவறிப்போகும். ஒவ்வொரு முறை வேலையைத் தொடங்கும் முன்பும், பிடிமேசையில் (வைஸ்) மாட்டிய பழைய போல்ட் ஒன்றில் அதே அளவில் நாலைந்து முறை தட்டவிட்டுப் பார்க்கிறேன். உள்ளே உறைந்த மசகு பரவுவதோடு, அந்தச் சரிவு எப்படி இருக்கும் என்பதும் கைக்கு நினைவு வருகிறது. தட்டிய பிறகு உறுதிக்காக இன்னொரு தட்டு தட்டுவது சிலரின் பழக்கம். அந்த இரண்டாவது தட்டு போல்ட்டை மேலும் கொஞ்சம் திருகிவிடுகிறது.

நான்காவது ரென்ச், தண்டு வகை. இதில் வில்லும் இல்லை, தட்டும் இல்லை. நீளமான உருக்குத் தண்டு நாம் இழுக்கும்போது மிகச் சிறிதளவு வளைகிறது. வளையாத ஒரு மெல்லிய முள் பக்கத்திலேயே நின்று அளவுத் தகட்டில் எண்ணைக் காட்டுகிறது. பார்ப்பதற்குப் பள்ளி ஆய்வுக்கூடத்துச் சாமான் போலிருக்கும். 0 முதல் 60 வரை காட்டும் 3/8 இஞ்ச் தலை கொண்ட என்னுடையது, நான்கில் விலை குறைந்ததும் என் நம்பிக்கைக்கு உரியதும் அதுதான். முள் பூஜ்யத்தில் நின்றால் கருவி சரி. நிற்காவிட்டால் முள்ளை மெல்ல வளைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால் மறுபடியும் சரி. இரு திசையிலும் காட்டுவதால் இடதுபக்கப் பெடலையும், வழக்கமான இங்கிலீஷ் மரை ஃபிரேமில் சங்கிலிப் பக்கத்துப் பாட்டம் பிராக்கெட் கிண்ணத்தையும் இதனாலேயே முறுக்கலாம். இரண்டுமே இடப்புற மரை. 30 முதல் 50 வரை தேவைப்படும் சைக்கிள் வேலைகள் எல்லாவற்றையும், மோட்டார் சைக்கிளின் பிரேக் கேலிப்பர் போல்ட்டுகளையும் இது பார்த்துக்கொள்கிறது. முள்ளை நேர் எதிரே நின்று பார்க்க வேண்டும், சாய்ந்து பார்த்தால் எண் மாறித் தெரியும் என்பதே இதன் தொல்லை. வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு இழுக்கும்போது நேரே பார்க்க முடியாது. அப்போது இன்னொருவர் எண்ணைப் படித்துச் சொல்ல வேண்டும். பார்க் டூல் நிறுவனமே முன்பு டிடபிள்யூ-1, டிடபிள்யூ-2 என்று தண்டு வகையைத்தான் விற்றுவந்தது. பிறகு கிளிக் வகைக்கு மாறிவிட்டது. வசதிக்காக மாறினார்கள் என்பது புரிகிறது, எனக்கென்னவோ வருத்தம்தான்.

இந்தத் தண்டு ரென்ச்சை வைத்து ஒருநாள் ஒரு விளையாட்டு நடந்தது. எங்கள் தெருவில் முப்பது ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன், "இதெல்லாம் எதுக்குத் தம்பி, கைக்கே அளவு தெரியும்" என்றார். முள்ளைத் துணியால் மூடி, 40-க்கு இழுக்கச் சொன்னேன்; மூன்று முறையும் 38-க்கும் 43-க்கும் நடுவே நிறுத்தினார். சேவித்துக்கொள்ள வேண்டிய கை. அடுத்து 6 மி.மீ. போல்ட்டுக்கு 10 என்றேன், 14 வந்தது. 5 கேட்டதற்கு 9 வந்தது. கை பழகுவது பெரிய விசைகளுக்கு. நீளமான பிடியில் சிறிய விசை என்பது விரலால் லேசாக இழுப்பதுதான், அதைக் கை அளப்பதில்லை. அண்ணன் சிரித்துக்கொண்டே, "அதான் கவர் போல்ட்டெல்லாம் அடிக்கடி மரை போகுதா" என்றார்.

கணக்கில் சேராத ஐந்தாவது ஒன்றும் உண்டு: 5 நியூட்டன் மீட்டருக்கு மட்டும் நிலையாக வைக்கப்பட்ட, உள்ளங்கைக்குள் அடங்கும் சாவி. சைக்கிளில் நீண்ட பயணம் போகும்போது இதுவும் 4, 5 மி.மீ. அறுகோண ஆலன் நுனிகளும் பையில் இருந்தால் சீட்டையும் ஹேண்டில்பாரையும் வழியில் சரிசெய்துகொள்ளலாம். பார்க் டூலின் ஏடிடி-1.2 போல 4 முதல் 6 வரை அரை அரையாக மாற்றிக்கொள்ளும் வகையும் கிடைக்கிறது. சைக்கிளை மட்டும் வைத்துக்கொண்டு, பெரிய வேலைகளைக் கடையிலேயே கொடுத்துவிடுபவருக்கு முழு ரென்ச்சே தேவையில்லை, இந்தச் சாவி போதும்.

எண்திரையுள்ள மின்னணு ரென்ச்சுகளைக் கடையில் கையாண்டிருக்கிறேன், வாங்கவில்லை. அளவை நெருங்கும்போது ஒலியெழுப்பி எச்சரிப்பது நல்ல ஏற்பாடு. அபூர்வமாகப் பயன்படுத்தும் கருவியில் பேட்டரி எப்போதும் தீர்ந்தே இருக்கும் என்பது என் அனுபவம்.

கருவி சரியாக இருந்தாலும் எண் நம்மை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. நாம் செலுத்தும் திருகுவிசையில் தோராயமாகப் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்து இறுக்கப் போகிறது. மற்றதெல்லாம் தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்வாகவே கரைகிறது. மரையில் கிரீஸ் தடவினால் உராய்வு குறைந்து, அதே எண்ணுக்குப் போல்ட் கூடுதலாக இழுபடும். கையேடு உலர்ந்த மரைக்கு எண் கொடுத்திருக்கிறதா, எண்ணெய் தடவிய மரைக்கா என்று பார்த்துவிட்டே முறுக்க வேண்டும். பெடலுக்குக் கிரீஸ் கட்டாயம். ஸ்பார்க் பிளக்குக்குத் தயாரிப்பாளர் சொல்லாத எதையும் தடவக் கூடாது. கார்பன் கம்பத்துக்கு மணல் போன்ற துகள் கலந்த பசை தடவினால் குறைந்த விசையிலேயே வழுக்காமல் நிற்கும்.

அலகுகளிலும் கவனம் வேண்டும். பழைய வண்டிகளின் கையேடுகளில் கிலோகிராம் மீட்டர் இருக்கும், அதை 9.8-ஆல் பெருக்கினால் நியூட்டன் மீட்டர். ரென்ச்சின் ஒருபக்கத்தில் இருக்கும் பவுண்டு அடி அளவு 1.36 மடங்கு பெரியது. 20 நியூட்டன் மீட்டருக்குப் பதில் 20 பவுண்டு அடி என்று வைத்துவிட்டால் போல்ட்டில் 27 இறங்கும். நியூட்டன் மீட்டர் மட்டும் அச்சிட்ட ரென்ச் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

தரச்சான்றிதழ் பெட்டிக்குள் இருக்கிறதா என்றும், அதில் அந்த ரென்ச்சின் வரிசை எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். மலிவுச் சரக்கில் எல்லாப் பெட்டியிலும் ஒரே அச்சுத் தாள்தான் இருக்கும். தொழில்முறைப் பயன்பாட்டில் ஆண்டுக்கு ஒருமுறை அல்லது 5000 தட்டுகளுக்கு ஒருமுறை மறு அளவீடு செய்வது வழக்கம். சென்னையிலும் கோவையிலும் ஆய்வகங்களுக்குச் சான்று தரும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்.-இன் அங்கீகாரம் பெற்ற அளவீட்டுக் கூடங்கள் அதைச் செய்கின்றன. வீட்டுப் பயன்பாட்டுக்கு நான் செய்வது எளிது. பிடிமேசையில் ஓர் ஆலன் போல்ட்டை இறுக்கிப் பிடித்து, ரென்ச்சை அதில் கிடைமட்டமாக மாட்டி, தலையின் மையத்திலிருந்து சரியாக 25 செ.மீ. தொலைவில் 4 கிலோ எடையைக் கயிற்றில் மெல்லத் தொங்கவிடுகிறேன். சமையலறைத் தராசில் எடைபோட்ட தண்ணீர் பாட்டில்களே போதும். அது 9.8 நியூட்டன் மீட்டர். ரென்ச்சின் சொந்த எடையையும் சேர்க்க வேண்டும்: அரைக் கிலோ ரென்ச்சின் எடைமையம் 12 செ.மீ. தொலைவில் இருந்தால் மேலும் 0.6. மொத்தம் 10.4. ஆக, 10-இல் வைத்தால் தட்ட வேண்டும், 11-இல் வைத்தால் தட்டக் கூடாது. ரென்ச்சின் சொந்த எடையை விட்டுவிட்டு, நல்ல கருவியைப் பழுது என்று திருப்பி அனுப்பியவர்கள் உண்டு; நானும் ஒருமுறை அனுப்பப் பார்த்தேன்.

ரென்ச்சுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியைச் சாக்கெட்டுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்க் கடைகளில் அரை இஞ்ச் சாக்கெட் எங்கும் கிடைக்கும், 3/8 தேடினால்தான் கிடைக்கும். சைக்கிளுக்கு 4, 5, 6, 8 மி.மீ. ஆலன் நுனிகளும் டிஸ்க் தட்டுக்கான டி25 நட்சத்திர நுனியும் கட்டாயம். பின்பக்கம் ஆலன் துளை இல்லாத பெடலுக்கு ரென்ச்சின் தலையில் பொருத்தும் 15 மி.மீ. திறந்த வாய் காக்கைக்கால் ஸ்பேனர் மாட்ட வேண்டியிருக்கும். அதை ரென்ச்சுக்குச் செங்குத்தாக மாட்டினால் எண் மாறாது, நேராக நீட்டி மாட்டினால் மாறும். 25 செ.மீ. ரென்ச்சில் 3 செ.மீ. நீட்டினால், 40 வேண்டும் என்ற இடத்தில் 35.7 வைக்க வேண்டும். நான் செங்குத்தாகவே மாட்டிக்கொள்கிறேன். கிரீஸ் கையோடு வகுத்தல் கணக்குப் போட வேண்டியதில்லை.